பூச்சிக்கடிக்கு மருந்து உண்டு

தேவராஜ் அண்ணனின் சிறுநீரகங்கள் கெட்டுப்போனதற்கு நான் ஒரு காரணம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு. அந்தப் பழியை அவருடைய மகள் ஜெனியின் தலையில் நானே தூக்கி வைத்தேன். அவள் இன்றுவரை அதைச் சுமக்கிறாள். நான் அவள் வீட்டில் கிறிஸ்துமஸுக்குப் பிரியாணி சாப்பிட்டுவிட்டு வருகிறேன்.

விஷம் வைத்தவள் என்று எண்ணிவிடாதீர்கள். நான் இணையதளம் செய்து கொடுப்பவள். கும்மிடிப்பூண்டி பஜாரில் ஒரு செல்போன் கடைக்கு மேல்மாடியில் என் அலுவலகம். அலுவலகம் என்பது பெரிய வார்த்தை. ஒரு அறை, ஒரு கணினி, ஒரு ஏசி. அந்த வேலையில் யாரையாவது சாகடிக்க முடியுமா என்று கேட்பீர்கள். முடியும்.

என் தொழிலைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தால் காறித் துப்புவீர்கள். சிப்காட்டில் கம்பி செய்யும் ஆலைக்காரர் ஒருவர் வந்தார். திரை முழுக்கத் தீ எரிய வேண்டும், அந்தத் தீயிலிருந்து அவருடைய பெயர் உருகி வழிந்து வர வேண்டும் என்றார். என்ன அளவுக் கம்பி செய்கிறீர்கள், அதை எங்கே போடட்டும் என்று கேட்டேன். "அதெல்லாம் உள்ள எங்கனா போட்டுக்கோம்மா" என்றார். எளாவூர் சோதனைச் சாவடிப் பக்கம் லாரி பழுது பார்க்கும் கொட்டகைக்காரருக்குத் திரையின் குறுக்கே லாரி ஓட வேண்டும், ஹாரன் அடிக்க வேண்டும். அச்சு முறிந்து நடுரோட்டில் நிற்கிற டிரைவருக்கு வேண்டியது ஒரே ஒரு போன் நம்பர். அது எங்கே? உள்ளே. காட்டுப்பள்ளித் துறைமுகத்து ஆட்களுக்குச் சாப்பாடு அனுப்பும் மெஸ்காரருக்கு இட்லியில் ஆவி பறக்க வேண்டும். என்ன விலை, எத்தனை மணிக்கு வரும்... அதுவும் உள்ளே.

நான் எல்லாருக்கும் செய்து கொடுத்தேன். தீ எரிந்தது, லாரி ஓடியது, ஆவி பறந்தது. அவர்கள் தங்கள் தளத்தைத் தாங்களே திறந்து திறந்து பார்த்து மகிழ்ந்தார்கள். வேறு யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை.

நீங்கள் மட்டும் யோக்கியமா? எதையாவது அவசரமாகத் தேடிப் போன இடத்தில் ஏதோ ஒன்று சுழன்று பளபளத்தால் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிறீர்கள். எதற்காக வந்தோம் என்பதே மறந்துவிடுகிறது. பிறகு "சூப்பர் சைட்" என்று நாலு பேருக்கு அனுப்புகிறீர்கள். உங்களைப் போன்றவர்களை நம்பித்தான் நான் ஏசி வாங்கினேன்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தள்ளிப்போடத்தான் ஆசையாக இருக்கிறது.

எங்கள் ஊருக்குப் பக்கத்தில், நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு தனியார் மருத்துவமனை இருக்கிறது. பெயர் வேண்டாம். அதன் டாக்டர் அறுபதைக் கடந்தவர், இந்தப் பக்கத்துக்காரர். அவர் எப்போதோ யாரிடமோ சொல்லி ஒரு வெப்சைட் போட்டு வைத்திருந்தார். ஒரே ஒரு பக்கம். வெள்ளைத் தாளில் கறுப்பு எழுத்து, படம்கூடக் கிடையாது. அதன் மேலே, கொட்டை எழுத்தில், அவரே எழுதிக் கொடுத்த வாசகம் இருந்தது: "பூச்சிக்கடிக்கு மருந்து உண்டு. பாம்பு, தேள் எதுவானாலும் உடனே கூப்பிடுங்கள்." கீழே போன் நம்பர். விரல் பட்டால் போதும், அழைப்பு போய்விடும்.

இந்தப் பக்கத்துக் கிராமங்களில் பாம்பு என்று சொல்ல மாட்டார்கள். கடிபட்டவர் காதில் அந்தப் பெயர் விழுந்தால் பயத்திலேயே பாதி உயிர் போய்விடும் என்பார்கள். அதனால் "பூச்சி தீண்டிடுச்சு", "பூச்சி கடிச்சிடுச்சு" என்றுதான் பேச்சு. வயல் வேலை பார்த்த என் அம்மா சாகும் வரை பாம்பை அதன் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டாக்டருக்கு அது தெரிந்திருந்தது. பதறிப்போன ஒருவர் கையில் போனை எடுத்தால் எந்த வார்த்தையைத் தட்டுவாரோ அந்த வார்த்தையை அவர் முதலில் வைத்தார். ஊரில் பலரும் அந்தப் பக்கத்தைப் பார்த்துப் போன் செய்து, மருந்து இருக்கிறதா என்று கேட்டுவிட்டுத்தான் வண்டி எடுப்பார்கள்.

அழகாகவா இருந்தது? சகிக்காது. ஆனால் வேலை செய்தது.

அதைத்தான் நான் தூக்கி எறிந்தேன்.

டாக்டருக்கு மாப்பிள்ளை ஒருவர் வாய்த்தார். சென்னையில் வளர்ந்து, வெளிநாட்டில் நிர்வாகம் படித்து, மாமனாரின் ஆஸ்பத்திரியை 'மல்டி ஸ்பெஷாலிட்டி' ஆக்கியே தீருவது என்று வந்து இறங்கியவர். என் மாடிப்படி ஏறி வந்து, அந்தப் பழைய பக்கத்தைத் திறந்து காட்டினார். முகத்தைச் சுளித்தார்.

"இதுல வாவ் ஃபேக்டரே இல்லைங்க. ஆஸ்பத்திரி சைட் மாதிரியா இருக்கு?"

அப்போது நான் ஒரு வேடிக்கை செய்தேன். அந்த முதல் வரியை விரலால் சுட்டிக்காட்டி, "பூச்சிக்கடின்னு இருக்கே சார்... கொசுமருந்துக் கம்பெனின்னு நினைச்சுக்கப் போறாங்க" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது தெரியுமா! சேற்றில் நின்றவளின் மகளான நான், அவரோடு சேர்ந்து, அவர் பக்கம் உட்கார்ந்து சிரிக்கிறேன். அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியாமல் அவர் சிரித்தார். நான் தெரிந்தே சிரித்தேன். என்ன பிறவி நான்?

புதிய தளம் தயாரானது. திறந்தவுடன் கறுப்புத் திரை. அதில் சிவப்பாக ஒரு இதயம் துடிக்கும். துடித்துத் துடித்துப் பெரிதாகி, வெடித்து, ஒளிப்புள்ளிகளாகச் சிதறும். அந்தப் புள்ளிகள் கூடி ஆஸ்பத்திரியின் பெயராகும், ஆங்கிலத்தில். அதன் பிறகு தொப்பி வைத்த நர்ஸ் பொம்மை ஒன்று திரையின் ஓரத்திலிருந்து நடந்து வந்து, கண்ணைச் சிமிட்டி, "வணக்கம், நான் உங்களுக்கு எப்படி உதவட்டும்?" என்று கேட்கும். போன் நம்பரை வேறொரு பக்கத்தில் படத்துக்குள் பொதித்து வைத்தேன். விரல் பட்டாலும் அழைப்பு போகாது. நம்பரைத் தனியாக வைத்தால் அழகு கெடுகிறதாம்.

அந்தப் பொம்மைக்குப் பேசக் கற்றுக்கொடுத்ததும் நான்தான். இன்ன வார்த்தை வந்தால் இன்ன பதில் என்று நானே எழுதினேன். தோல் மருத்துவத்துக்குப் புது மெஷின் வாங்கியிருக்கிறோம், அந்தப் பிரிவுக்கு ஆட்கள் வர வேண்டும் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார். அரிப்பு, கொசு, பூச்சி... இந்த வார்த்தைகள் வந்தால் தோல் பிரிவுக்கு அனுப்பு என்று எழுதினேன்.

'பூச்சி' என்று தட்டியபோது என் விரல் ஒரு கணம் நின்றது. நிற்கவே இல்லை என்று சொன்னால் பொய். நின்றது. பிறகு தட்டினேன்.

தளத்தை டாக்டரிடம் காட்டினோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, இதயம் வெடித்து முடிகிற வரை பொறுமையாகப் பார்த்தார்.

"நல்லாக்கீதும்மா. நம்ம பூச்சிக்கடி லைன் எங்க?"

"உள்ள இருக்கு மாமா" என்றார் மாப்பிள்ளை.

டாக்டர் என்னைப் பார்த்தார். "உள்ள இருக்குது சார்" என்றேன் நானும்.

உள்ளேயும் இல்லை, வெளியேயும் இல்லை. எங்குமே இல்லை. அவர் என்னை நம்பிக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கப் போய்விட்டார்.

அதற்கு அடுத்த கோடையில் அது நடந்தது. தேவராஜ் அண்ணன் எனக்குப் பெரியப்பா மகன். சிப்காட்டில் ஒரு உருக்காலையில் ஃபிட்டர். அன்று அவருக்கு விடுப்பு. வீட்டுக்குப் பின்னால் அடுக்கியிருந்த பழைய ஓடுகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். பட்டப்பகல். ஓட்டுக்கு அடியில் கண்ணாடி விரியன் இருந்தது.

வீட்டில் ஜெனி மட்டும்தான். பொன்னேரியில் பி.காம் இரண்டாம் வருடம். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் அண்ணனைத் தூக்கி உட்கார வைத்துவிட்டு, "மருந்து இருக்கிற இடமா பார்த்துச் சொல்லு பாப்பா, நேரா அங்க ஓட்டிடறேன்" என்றிருக்கிறார். முன்பு ஒருமுறை வேறொருவரை ஏற்றிக்கொண்டு மருந்தில்லாத இடங்களாக அலைந்தவர் அவர். ஜெனிக்கு அந்தப் பழைய பக்கம் தெரியும். போனை எடுத்தாள். "பூச்சி கடி" என்று போட்டுத் தேடினாள். பக்கம் கிடைக்கவில்லை. ஆஸ்பத்திரியின் பெயரைப் போட்டாள்.

அதன் பிறகு நடந்ததை அவளே என்னிடம் சொன்னாள். சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில், மறுநாள். அண்ணன் உள்ளே நினைவில்லாமல் கிடந்தார். மருந்து இன்னும் முன்னதாக ஏறியிருந்தால் சிறுநீரகத்துக்கு இவ்வளவு சேதம் வந்திருக்காது என்று அங்கிருந்த டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். ஜெனி சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தாள். சுடிதாரில் அவள் அப்பா எடுத்த வாந்தி காய்ந்திருந்தது.

"ஹார்ட்டு மாதிரி ஒண்ணு துடிச்சிக்கினே இருந்துச்சு அத்தை. போவவே மாட்டேங்குது. அப்பால ஒரு நர்ஸ் பொம்மை வந்து இன்னா வேணும்னு கேட்டுச்சு. நான் பூச்சி கடின்னு போட்டேன். தோல் டாக்டர் நாளைக்குக் காலைல இருப்பாரு, பேர் குடுங்கன்னு சொல்லுது. எனக்கு ஒண்ணுமே பிரியல. நைனா வாந்தி எடுத்துக்கினு கீறாரு. அந்த ஆஸ்பத்திரில இப்பல்லாம் பூச்சிக்கடி பாக்குறதில்ல போலன்னு நெனச்சிக்கினு, மெட்ராஸுக்கே வுட்டுடுங்க அண்ணேன்னு சொல்லிட்டேன்."

அவர்கள் அந்த ஆஸ்பத்திரியின் வாசலைக் கடந்துதான் சென்னைக்குப் போனார்கள். உள்ளே குளிர்பெட்டியில் மருந்து இருந்தது. டாக்டரும் இருந்தார். வெளியே நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ ஊர்ந்துகொண்டிருந்தது.

"நான் தப்பு பண்ணிட்டனா அத்தை?" என்று கேட்டாள்.

இந்த இடத்தில் நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? வேண்டாம், சொல்லாதீர்கள். உங்கள் நல்ல மனசு எனக்குத் தெரியும்.

நான் சொன்னது இது.

"உன் போன் ரொம்பப் பழசு ஜெனி. அதுல எதுவும் ஒழுங்கா வராது. அதுவுமில்லாம நீ பாம்புன்னு போட்டிருக்கணும். பூச்சின்னு போட்டா அதுக்கு இன்னா தெரியும்?"

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மெல்லத் தலையை ஆட்டினாள். படித்த அத்தை, அதுவும் இந்தத் தொழிலிலேயே இருக்கிற அத்தை சொல்லும்போது நம்பாமல் என்ன செய்வாள்? அந்தத் தளத்தைச் செய்தது யார் என்று அவளுக்குத் தெரியாது. இந்தச் சொந்தக்காரர்களுக்கு நான் என்ன வேலை பார்க்கிறேன் என்பதே சரியாகத் தெரியாது. 'கம்ப்யூட்டர்ல இன்னாமோ' என்பார்கள்.

ஊருக்குத் திரும்பியதும் என் அறையின் கதவைச் சாத்திக்கொண்டு அந்தத் தளத்தைத் திறந்தேன். புத்தம் புதிய போனில்தான். இதயம் அடங்கவே அத்தனை நேரமானது. செய்து முடித்த நாளிலிருந்து ஒரு அவசரக்காரியின் கண்ணோடு நான் அதைப் பார்த்ததே இல்லை. பொம்மை வந்து கண் சிமிட்டியது. 'பாம்பு' என்று தட்டினேன்.

"மன்னிக்கவும், புரியவில்லை. கீழுள்ள பிரிவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்" என்றது. எலும்பு, பல், தோல், மகப்பேறு...

பாம்பு என்று போட்டிருந்தாலும் ஒன்றும் வந்திருக்காது! அந்த வார்த்தையை நான் அதற்குச் சொல்லிக்கொடுக்கவே இல்லை. ஆக, நான் ஜெனியிடம் சொன்னதில் ஒரு சொல்கூட உண்மை கிடையாது. அவள் போனிலும் குற்றமில்லை, அவள் வார்த்தையிலும் குற்றமில்லை.

அன்றே எல்லாவற்றையும் பிய்த்துப் போட்டேன். இதயம் போயிற்று, பொம்மை போயிற்று. வெள்ளைப் பக்கம், மேலே அதே பழைய வரி, கீழே விரல் பட்டால் போகிற நம்பர். மாப்பிள்ளை கூப்பிட்டுக் கத்தினார். "என்னங்க, மறுபடி மளிகைக்கடை மாதிரி ஆக்கிட்டீங்க?" உண்மையைச் சொல்ல அப்போதும் ஒரு வாய்ப்பு இருந்தது. கூகுளில் மேலே வருவதற்கு இப்படி எழுதுவதுதான் இப்போது நடைமுறை என்று அளந்துவிட்டேன். அந்த மண்டு நம்பினார். கொஞ்ச நாளில், "நீங்க சொன்னது கரெக்ட், கால்ஸ் நிறைய வருது" என்று பாராட்டினார். அவருடைய பாராட்டில் நான் இன்னும் இரண்டு ஆஸ்பத்திரி வேலைகளைப் பிடித்தேன்.

தேவராஜ் அண்ணன் பிழைத்தார். டயாலிசிஸுக்காகக் கும்மிடிப்பூண்டி ரயிலில் சென்னைக்குப் போய்வருகிறார். உலைக்கு முன் நின்று சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்த மனிதர் இப்போது ஒரு சின்ன டம்ளரை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் ஓட்டுகிறார். மே மாதத்தில் அவர் அந்த டம்ளரைப் பார்க்கிற பார்வையை என்னால் பார்க்க முடிவதில்லை. ஜெனி கல்லூரியை விட்டுவிட்டாள். சிப்காட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை. முதல் சம்பளத்தில் அவள் வாங்கியது என்ன தெரியுமா? புதுப் போன். "பழைய போன வெச்சிக்கினு நைனாவை இன்னொரு வாட்டி வுட்டுட முடியாது அத்தை" என்று என்னிடமே வந்து காட்டினாள். நல்ல மாடல்தான் என்றேன்.

இப்படியே போயிருக்கும். ஆனால் அண்ணி ஒருநாள் என்னிடம் வந்து அழுதாள். ஜெனிக்கு ஒரு வரன் வந்ததாம், வேண்டாம் என்றுவிட்டாளாம். நைனாவை இப்படி ஆக்கிட்டு நான் மட்டும் போய் வாழணுமா என்று கேட்டாளாம். "நீ படிச்சவ, நீ சொன்னாதான் கேப்பா, எடுத்துச் சொல்லு ஹெலனு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆமாம், நான் சொன்னால் கேட்பாள். அதுதான் பிரச்சினையே.

போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எல்லாரும் கலைந்துகொண்டிருந்தார்கள். ஜெனி வாசலில் குனிந்து தன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். யோசித்தால் சொல்ல மாட்டேன் என்று தெரியும். அதனால் யோசிக்காமல் சொன்னேன்.

"ஜெனி, அந்த ஆஸ்பத்திரி வெப்சைட்ட பண்ணது நான்தான். பூச்சிக்கடி லைனை எடுத்ததும் நான்தான். உன் போன்ல ஒண்ணுமில்ல. உன் மேல தப்பே இல்ல. அன்னிக்கு நான் உன்கிட்ட பொய் சொன்னேன்."

ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். அறைந்தாலும் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தேன். அவள் சிரித்தாள். சோர்ந்துபோன, பிரியமான ஒரு சிரிப்பு.

"அம்மா சொல்லச் சொன்னாங்களா?"

"இல்லடி. நெஜமா..."

"எனக்காகப் பழிய உங்க மேல போட்டுக்கினு பேசறீங்க. வாணாம் அத்தை." புதுப் போனை எடுத்து, இரண்டு தட்டு தட்டி, என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "இத பாருங்க. பூச்சிக்கடிக்கு மருந்து உண்டுன்னு மேலயே போட்டுக்கீறாங்க. நம்பரும் இங்கயே கீது. அன்னிக்கும் இருந்திருக்கும். அந்த ஹார்ட்டு, பொம்மையெல்லாம் நடுவுல வந்த ஏதோ வெளம்பரமா இருக்கும். என் போன்லதான் இது தெரியல. நான்தான் இன்னும் கொஞ்சம் நல்லாப் பாத்திருக்கணும்."

பார்த்தேன். வெள்ளைப் பக்கம், கறுப்பு எழுத்து. எவ்வளவு தெளிவாக இருந்தது! யாருக்கும் தெரியாமல் நான் திருத்தி வைத்த அதே பக்கம். எனக்கு எதிராக வாயைத் திறக்க வேண்டிய சாட்சி, அவளுக்கு எதிராகப் பேசியது.

அவள் இன்னொரு செருப்பையும் மாட்டிக்கொண்டு, "ஊட்டுக்கு வாங்க அத்தை, நைனா உங்களைப் பாத்தா சந்தோஷப்படுவாரு" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

நான் பிய்த்துப் போட்ட அந்தத் தளத்தின் பிரதி என் கணினியில் இன்னும் இருக்கிறது. இதயம், பொம்மை, நான் எழுதிய பதில்கள் எல்லாம் அப்படியே. அவளைக் கூட்டி வந்து உட்கார வைத்து, திறந்து காட்டி, அவள் கையாலேயே 'பூச்சி கடி' என்று தட்டச் சொன்னால் போதும். நம்புவாள். வேறு வழியே இல்லாமல் நம்புவாள்.

இன்னும் கூப்பிடவில்லை. ஏன் என்று கேளுங்கள்... சொல்கிறேன். அவள் என்னை நம்பவில்லை என்று தெரிந்த அந்த நிமிடம், சர்ச் வாசலில், ஒற்றைச் செருப்போடு அவள் என் எதிரில் நின்றபோது, எனக்கு 'அப்பாடா' என்று இருந்தது.